மூன்றாம் நாள் வந்த கழுத்து வலிக்கு நஷ்டஈடு உண்டா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (ஞாயிறு, காலை 9.10)
நேற்று ஹெல்மெட் பேச்சுக்கு நடுவில் சங்ககிரி லாரி அண்ணன் ஒரு வரி போட்டார்: "எலும்பு முறியாத கழுத்து வலிக்கு நஷ்டஈடு கேட்கிறவன், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டு பிச்சை எடுக்கிறவன்." இரவு தூக்கமில்லை. பாதி கழுத்தால், பாதி அந்த வரியால்.

என் கதையைச் சொல்கிறேன். போன மே மாதம், கோடை விழாக் கூட்டம். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஒழுங்காக இறங்கி, அடிவாரம் செக்போஸ்ட் வரிசையில் காரை நிறுத்தியிருந்தேன். பின்னால் வந்த வேன் இடித்தது. நின்ற வண்டி! தலை ஒரு தடவை பின்னால் போய் முன்னால் வந்தது. அன்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு கழுத்து இறுகியது. மூன்றாம் நாள் காலையில் வாய் கொப்பளிக்கக் குனிய முடியவில்லை, டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு சரி. எம்.ஆர்.ஐ.யில் கழுத்தெலும்பு சி5–சி6 நடுவே வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது. 24 நாள் பட்டறைக்குப் போகவில்லை. கொலுசுக்குப் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதுகிறவன் தலை குனியாமல் எப்படி வேலை செய்வான்? செப்டம்பரில் அஸ்தம்பட்டி கோர்ட்டில் மனுப் போட்டேன். இது பிச்சையா?

சங்ககிரி லாரி (காலை 9.31)
தம்பி, நான் யார் பெயரையும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சரி, வந்தது வந்துவிட்டீர்கள், ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இடித்தது. டாக்டரைப் பார்த்தது புதன்கிழமை. நடுவில் திங்கள்கிழமை அயோத்தியாப்பட்டணத்தில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. படம் போட்டதே நீங்கள்தான், இதே குழுவில். பந்தியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தது யார் கழுத்து?

அம்மாபேட்டை தறி (காலை 9.33)
அந்தப் படத்துக்கு நான் லைக் போட்டேன். நல்ல கறி.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (காலை 9.40)
வலி மறுநாள் இரவுதான் வந்தது என்று எழுதியிருக்கிறேனே. படித்துவிட்டுப் பேசுங்கள். காதுகுத்து மத்தியானம்.

குகை வக்கீல் (காலை 10.05)
சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாமே. மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழி. 166-வது பிரிவில் போனால் எதிர் வண்டியின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், தொகைக்கு உச்சவரம்பு இல்லை. 164-ல் போனால் யார் தவறு என்றே நிரூபிக்க வேண்டாம், ஆனால் கொடுங்காயம் என்றால் இரண்டரை லட்சம், மரணம் என்றால் ஐந்து லட்சம், அவ்வளவுதான். கொடுங்காயம் என்றால் எலும்பு முறிவு மட்டும் இல்லை. 15 நாள் கடுமையான வலி, அல்லது 15 நாள் வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போவது, அதுவும் கொடுங்காயம்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் அது 20 நாள். அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 15 ஆகிவிட்டது. தம்பி 24 நாள் வேலைக்குப் போகவில்லை.

சங்ககிரி லாரி (காலை 10.12)
ஆகா, தள்ளுபடி வேறு கொடுத்திருக்கிறார்களா? முன்பெல்லாம் பட்டையை 20 நாள் மாட்ட வேண்டும், இப்போது 15 நாள் போதும். வக்கீல் சார், பிரிவு எண்ணெல்லாம் எனக்கு வேண்டாம். மூன்று நாள் எதற்கு என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அஸ்தம்பட்டி சித்ரா (காலை 10.44)
நான் பிசியோதெரபிஸ்ட், பதினோரு வருடமாக இதே வேலை. பின்னால் இடித்தால் சீட் உடம்பை முன்னால் தள்ளும், தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கும், அப்புறம் வீசிக்கொண்டு முன்னால் வரும். தசையும் தசைநாரும் இழுபட்டு நுண்ணிய காயமாகும். வீக்கமும் இறுக்கமும் வர நேரமெடுக்கும். அன்றைக்கே வலிக்காமல் ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வலிப்பது இந்தக் காயத்தில் சாதாரணம். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தசை தெரியாது. எனவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதால் வலி பொய் ஆகாது.

ஆனால் கொலுசு அண்ணா, 24 நாளும் பட்டை போட்டிருந்தீர்களா? அது தவறு. இரண்டு மூன்று நாளுக்கு மேல் போட்டால் கழுத்துத் தசை பலம் இழந்துவிடும். எலும்பு முறிவு இல்லை என்று உறுதியானதும் மெதுவாக அசைக்கப் பழக வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (காலை 10.50)
டாக்டர் போடச் சொன்னார், போட்டேன். இப்போது நீங்களும் அவர் கட்சியா?

சங்ககிரி லாரி (காலை 10.58)
டாக்டர் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. பட்டையே தேவையில்லை என்று மருத்துவமே சொல்லிவிட்டது! கோர்ட்டுக்குக் காட்டத்தான் பட்டை என்று நான் சொன்னால் கெட்டவன்.

அஸ்தம்பட்டி சித்ரா (காலை 11.02)
நான் டாக்டர் இல்லை, அம்மாவும் இல்லை. தேவையில்லை என்றும் சொல்லவில்லை. பாதியைப் படித்துவிட்டுப் பறக்காதீர்கள்.

சங்ககிரி லாரி (காலை 11.20)
இன்னொன்று. சி5–சி6 பிதுக்கம். நாற்பது தாண்டியவனை யாரை வேண்டுமானாலும் அந்த இயந்திரத்துக்குள் விட்டுப் பாருங்கள், வலியே இல்லாதவனுக்கும் ஏதாவது ஒரு வட்டு பிதுங்கியிருக்கும். இதை எனக்குச் சொன்னது ஒரு எலும்பு டாக்டர். தம்பிக்கு வயது 43. இருபது வருடமாகத் தலையைக் குனிந்து ஊதுகுழல் ஊதுகிறார். தேய்ந்த கழுத்து. அதை வேன்காரன் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? அதுவும் மூன்று நாள் கழித்து!

குகை வக்கீல் (காலை 11.41)
பிதுக்கம் பற்றிச் சொன்னது தவறில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைத்தான் கேட்பார்கள். ஆனால் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பதும் வருமானம் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதும் ஒன்றல்ல. இடது கை போனால் டிரைவருக்கும் தச்சருக்கும் கிட்டத்தட்ட முழுப் பிழைப்பும் போகும், குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. அதே அளவுகோல் கழுத்துக்கும். குனிந்தே சம்பாதிக்கிறவர் கழுத்து வேறு, லாரி ஆபீஸில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கழுத்து வேறு.

கணக்கும் சொல்கிறேன். மாதம் 18,000 என்று வைத்துக்கொள்வோம், வருடம் 2,16,000. வயது 43-க்குப் பெருக்கு எண் (வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது) 14, இது சர்லா வர்மா தீர்ப்பின் பட்டியல். மருத்துவக் குழுவின் சான்றைப் பார்த்துவிட்டுத் தொழில் இழப்பு 10 சதவீதம் என்று கோர்ட் ஏற்றால் 3,02,400. சொந்தத் தொழில், 40-க்கும் 50-க்கும் நடுவில், எனவே பிரணய் சேத்தி தீர்ப்புப்படி எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்டினால் 3,78,000. வலிக்கும் வைத்தியச் செலவுக்கும் தனி.

அம்மாபேட்டை தறி (காலை 11.44)
நானும் தறிக்குழியில் குனிந்துதான் உட்காருகிறேன். என்னை யாராவது வந்து இடிக்கக் கூடாதா?

சங்ககிரி லாரி (காலை 11.52)
3,78,000! இதில் வக்கீலுக்கு எவ்வளவு, மூன்றில் ஒன்றா? சாய்வு நாற்காலி என்று என்னைச் சொன்னீர்கள், பரவாயில்லை, அந்த நாற்காலிக்கு முன்னால் பதினான்கு வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் நான். 18,000 என்பதற்கு என்ன அத்தாட்சி? கொலுசுப் பட்டறையில் சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா?

குகை வக்கீல் (மதியம் 12.10)
ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசக் கூடாது, பார் கவுன்சில் விதி.

சங்ககிரி லாரி (மதியம் 12.11)
விதி! சிரித்துச் சிரித்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. மனுப் போடட்டுமா? மூன்று நாள் கழித்துப் போடுகிறேன்.

ஏற்காடு மிளகு (மதியம் 12.30)
நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு குறை. இறங்குகிற சேலத்துக்காரர்கள் ஒருவரும் ஏறுகிற வண்டிக்கு வழி விடுவதில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, சாலை விதியிலேயே இருக்கிறது. மே மாதம் நாங்கள் மிளகு மூட்டையோடு வளைவில் பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (மதியம் 12.34)
நான் அடிவாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதற்கு இது?

ஏற்காடு மிளகு (மதியம் 12.36)
பொதுவாகச் சொன்னேன். கூட்டம் என்றால் குப்பனூர் வழியாக வரலாமே. எல்லோரும் ஒரே ரோட்டில் வந்து விழுகிறீர்கள்.

அம்மாபேட்டை தறி (மதியம் 12.40)
குப்பனூர் ரோடு எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு. ஐந்து ரோட்டுக்காரன் எதற்குச் சுற்ற வேண்டும்?

(குப்பனூர் ரோட்டைப் பற்றி மேலும் ஒன்பது பதிவுகள். எந்த வழியில் டீக்கடை நல்லது என்பதில் போய் நின்றது.)

லண்டனில் ஒரு சேலத்தான் (மாலை 3.15)
இங்கே இங்கிலாந்தில் இந்தக் கழுத்துக் காயத்துக்குத் தனி விலைப்பட்டியலே போட்டுவிட்டார்கள். 2021 மே 31 முதல். எத்தனை மாதம் வலித்ததோ அதற்கேற்ற தொகை. மூன்று மாதத்துக்குள் சரியானால் அப்போது 240 பவுண்டுதான். மருத்துவ அறிக்கை இல்லாமல் இன்சூரன்ஸ்காரர்கள் பேசி முடிக்கவும் கூடாது. அதற்கு முன் இதே புகார்தான், எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று.

சங்ககிரி லாரி (மாலை 3.22)
பார்த்தீர்களா! வெள்ளைக்காரனே கண்டுபிடித்துவிட்டான்.

லண்டனில் ஒரு சேலத்தான் (மாலை 3.25)
அண்ணே, அங்கேயும் காசு கொடுக்கிறார்கள் என்றுதான் சொன்னேன்.

சங்ககிரி லாரி (மாலை 3.26)
குறைத்துக் கொடுக்கிறான். அதைப் பாருங்கள்.

குகை வக்கீல் (மாலை 4.00)
அந்த மூன்று நாளுக்கு வருகிறேன், இல்லாவிட்டால் இவர் விடமாட்டார். ரவி எதிர் பத்ரிநாராயண், 2011. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக விபத்து நஷ்டஈட்டு மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும் இது கொலை வழக்கு இல்லை. சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்றால் போதும். மனுப் போடக் கெடு என்பது ஆறு மாதம். 1994-ல் எடுத்ததை 2022 ஏப்ரல் 1 முதல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போட்டிருக்கிறார்கள். தம்பி மே மாத விபத்துக்குச் செப்டம்பரில் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் பயமில்லை.

சங்ககிரி லாரி (மாலை 4.09)
எஃப்.ஐ.ஆர். தாமதம் வேறு, டாக்டர் தாமதம் வேறு. ஸ்டேஷனுக்குப் போகப் பயம் இருக்கும், சரி. டாக்டரிடம் போக என்ன பயம்? தம்பி, நேராகக் கேட்கிறேன். திங்கள் இரவு வலி. செவ்வாய் முழுவதும் எங்கே இருந்தீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (மாலை 4.31)
செவ்வாய்க்கிழமை கன்னங்குறிச்சி தாத்தாவிடம் சுளுக்கு எடுக்கப் போனேன்.

அம்மாபேட்டை தறி (மாலை 4.32)
ஐயோ.

சங்ககிரி லாரி (மாலை 4.33)
முடிந்தது கதை! வேன்காரன் இடித்ததில் ஒன்றுமில்லை. தாத்தா திருகியதில் பிதுங்கியது. தாத்தா மேல் கேஸ் போடுங்கள். அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா?

அஸ்தம்பட்டி சித்ரா (மாலை 4.50)
அடிபட்ட கழுத்தை யாரும் திருகக் கூடாது. சுளுக்கு எடுப்பவரோ, சலூன்காரரோ, யாராக இருந்தாலும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கழுத்தெலும்பு வழியாகப் போகிறது. அது கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். கைவிரல் மரத்துப் போகிறதா அண்ணா? அதை முதலில் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (மாலை 4.58)
தாத்தா திருகவில்லை. எண்ணெய் தடவி நீவினார், அவ்வளவுதான். நீவியவர்தான் "இது சுளுக்கு இல்லை, டாக்டரைப் பார்" என்று அனுப்பினார்.

குகை வக்கீல் (மாலை 5.02)
தம்பி, இதை மனுவில் எழுதினீர்களா? வேண்டாம், இங்கே பதில் சொல்லாதீர்கள்.

சங்ககிரி லாரி (மாலை 5.20)
எல்லோரும் என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்கிறீர்கள். என் வண்டிக் கதையைக் கேளுங்கள். மழையில் பைக்குக்காரன் தானாகச் சறுக்கி விழுந்தான், என் லாரி பத்தடி தள்ளி. இரண்டாம் நாள் பட்டையோடு படம், நான்காம் நாள் கேஸ். என் டிரைவர் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தான். இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வசூலிக்க வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். அந்த பைக்குக்காரன் அடுத்த பொங்கலுக்கு எருதாட்டத்தில் ஓடினான், என் கண்ணால் பார்த்தேன். கழுத்துப் பட்டையைக் கண்டால் எனக்கு எரிவது இதனால்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (மாலை 5.28)
லைசென்ஸ் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்தது நீங்கள். அதற்கு என் கழுத்து என்ன செய்யும்?

சங்ககிரி லாரி (மாலை 5.30)
இல்லாதவன் இல்லை, புதுப்பிக்காதவன். வித்தியாசம் இருக்கிறது.

குகை வக்கீல் (மாலை 5.31)
காலையில் பிரிவு எண்ணெல்லாம் வேண்டாம் என்றீர்கள், இப்போது வித்தியாசம் பேசுகிறீர்கள்.

சங்ககிரி லாரி (மாலை 5.33)
வக்கீல் சார், நீங்கள் போன வருடம் மாம்பழப் பேச்சில் மல்கோவாவும் குண்டும் ஒன்று என்று எழுதியவர். உங்களிடம் நான் வித்தியாசம் படிக்க வேண்டாம்.

குகை வக்கீல் (மாலை 5.34)
நான் அப்படி எழுதவே இல்லை.

அம்மாபேட்டை தறி (மாலை 5.36)
எழுதினீர்கள் சார். நான் அன்றைக்கே சண்டை போட்டேன்.

(மாம்பழம் பற்றி நாற்பது நிமிடம்.)

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (இரவு 7.45)
என் கேள்விக்கு வாருங்கள். பிச்சை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறீர்களா, இல்லையா?

சங்ககிரி லாரி (இரவு 7.52)
செக்போஸ்டிலேயே பம்பருக்கு 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (இரவு 7.55)
பம்பருக்கு வாங்கினேன். கழுத்துக்கு வாங்கவில்லை. யார் சொன்னது?

ஏற்காடு மிளகு (இரவு 7.57)
நான் சொல்லவில்லை.

சங்ககிரி லாரி (இரவு 8.01)
மூன்றாயிரம். மூன்று நாள். எல்லாம் மூன்றாகவே வருகிறது.

காக்காயன் (இரவு 8.40)
புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், மன்னிக்கவும். அந்தக் கன்னங்குறிச்சி தாத்தா எந்தப் பக்கம்? அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்பு.

சங்ககிரி லாரி (இரவு 8.44)
ஏரிக்கரைப் பக்கம் போய்க் கேளுங்கள், சொல்வார்கள். வெள்ளிக்கிழமை கை வைக்க மாட்டார். என் அப்பாவுக்கு அவர்தான்.