ஓடுகிற ஃபேனுக்கு 0 காட்டிய சிப்: டிரைவர் ஆவணம் எழுதிய அனுபவம்

கெடிலக்கரை:

கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. அங்கே பில் போடும் கம்ப்யூட்டரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன கத்திரியில் முதலாளி போன் செய்தார். "தம்பி, உள்ளே 127 டிகிரின்னு காட்டுது, ஃபேன் 0-ன்னு காட்டுது. ஆஃப் பண்ணிடட்டுமா?" அதற்கு முன்பே என்னிடம் சொல்லாமல் இரண்டு தடவை ஃபேன் மாற்றியிருந்தார். போய்ப் பெட்டியைத் திறந்தால் புது ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹீட்சிங்க்கில் விரல் வைத்தேன், இளஞ்சூடு. விரல் இன்னும் இருக்கிறது, அதனால் 127 டிகிரி இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. போர்டில் வெப்பம், மின்னழுத்தம், ஃபேன் வேகம் மூன்றையும் அளக்கும் கண்காணிப்புச் சிப் ஒன்று. அதனோடு பேசும் நிரலான டிரைவர், லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்தது, ஒழுங்காக வேலையும் செய்தது. ஆவணக் கோப்பைத் திறந்தால் சிப்பின் பெயர், முகவரி, எழுதியவர் பெயர், கீழே இரண்டு வரி விளக்கம். அவ்வளவுதான். (சிப்பின் பெயர் இங்கே வேண்டாம். டிரைவர் எழுதிய மனிதர் சம்பளம் வாங்காமல் செய்த வேலை அது.)

ஃபேன் விஷயம் இதுதான். எல்எம்78 என்ற பழைய கண்காணிப்புச் சிப்பின் காலத்து சிப்புகளும் அந்த வழியில் வந்தவையும் வேகத்தை நேராக அளப்பதில்லை. ஃபேன் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் 22.5 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம் எத்தனை தடவை தட்டுகிறது என்று எண்ணும். அந்த எண்ணிக்கைக்கு 8 பிட் இடம்தான், 255-ஐத் தாண்ட முடியாது. அதனால் கடிகாரத்தை மெதுவாக்க ஒரு டிவைடர் வைத்திருக்கிறார்கள்: 1, 2, 4, 8. 13,50,000-ஐ எண்ணிக்கையாலும் டிவைடராலும் வகுத்தால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) கிடைக்கும். ஐஸ் கம்பெனியில் டிவைடர் 2-இல் இருந்தது. முதலாளி வாங்கிப் போட்டது சத்தமில்லாத ஃபேன், 1000 ஆர்பிஎம். கணக்குப் போட்டால் எண்ணிக்கை 675 வரும். 255-க்குள் அடங்காது, டிரைவர் 0 என்று சொல்லிவிடும். டிவைடர் 2 இருக்கும்போது சுமார் 2650-க்குக் கீழே ஓடும் எந்த ஃபேனும் அந்தச் சிப்பின் கண்ணுக்கு நின்றுபோன ஃபேன்தான். ஆக, அவர் மாற்றிய இரண்டு ஃபேனிலும் ஒரு கோளாறும் இல்லை. டிவைடரை 8 ஆக்கினேன், எண்ணிக்கை 169, வேகம் 998. முதலாளி திரையைப் பார்த்துவிட்டு, "இதை முன்னாடியே எங்கயாவது எழுதி வச்சிருக்கக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்வி. அந்த ஆவணத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் பேட்ச் (கெர்னலில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் திருத்தம்) அனுப்பியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. டேட்டாஷீட்டில் (சிப் செய்தவர்கள் தரும் விவரக் குறிப்பு) இருந்த ரிஜிஸ்டர் அட்டவணையை, அதாவது சிப்புக்குள் எந்த இடத்தில் எந்த மதிப்பு என்ற பட்டியலை, அப்படியே பெயர்த்து எழுதியிருந்தேன், ஏழெட்டுத் திரை வரும். கெர்னலில் இந்த டிரைவர்களைக் கவனிக்கும் பராமரிப்பாளர் ஒரே நாளில் பதில் போட்டார். டேட்டாஷீட்டில் இருப்பது டேட்டாஷீட்டிலேயே இருக்கட்டும், டிரைவர் அளவுகளைக் காட்டும் பொதுவான கோப்புகளின் அர்த்தம் ஏற்கெனவே வேறு ஆவணத்தில் இருக்கிறது, இந்த டிரைவருக்கு மட்டும் உரியதை எழுது என்றார். உண்மைதான். வெப்பம் மில்லி டிகிரியில் வரும் (45500 என்றால் 45.5), மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில் வரும், ஃபேன் வேகத்தை ஆளும் பிடபிள்யூஎம் 0 முதல் 255 வரை என்பதெல்லாம் எல்லா டிரைவருக்கும் ஒன்றுதான். அதை ஒவ்வொரு கோப்பிலும் எழுதினால் யார் படிப்பார்கள்?

அட்டவணையையெல்லாம் வெட்டினேன். ஒரு வரியை மட்டும் வெட்ட மனசு வரவில்லை: "4-ஆவது மின்னழுத்தம் 12 வோல்ட் லைன்." அதற்குக் கீழே அவர் கேட்டது ஒரே கேள்வி. உன் போர்டிலா, எல்லா போர்டிலுமா?

அப்போது எரிச்சலாக வந்தது. பிறகு மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் அதே சிப் உள்ள வேறு போர்டு கிடைத்தது, மல்டிமீட்டரோடு போய்ப் பார்த்தேன். சிப்பால் 4.08 வோல்ட் வரைக்கும்தான் அளக்க முடியும், ஒரு படிக்கு 16 மில்லிவோல்ட். 12 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டரால் குறைத்துத்தான் சிப்பின் காலில் (பின்னில்) கொடுப்பார்கள். ஐஸ் கம்பெனி போர்டில் 30 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும், ஆக நான்கில் ஒரு பங்கு. சிப் சொன்னது 3.024, நாலால் பெருக்கினால் 12.1. மெடிக்கல் ஷாப் போர்டில் 28-ம் 10-ம். சிப் சொன்னது 3.168. 3.8-ஆல் பெருக்கினால் 12.04, மீட்டரும் அதையே சொன்னது. என் வரியை நம்பி நாலால் பெருக்கியிருந்தால் 12.67. பவர் சப்ளைக்கு அனுமதித்த 5 சதவீதத்தைத் தாண்டிவிடும் (12.6 வரைதான்). நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எறியச் சொல்லியிருப்பேன். நானே!

ஆக, சிப்புக்குத் தன் காலில் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது போர்டு செய்தவருக்குத்தான் தெரியும். 127-உம் அதே கதைதான். மூன்றாவது வெப்ப உள்ளீட்டில் எதுவுமே இணைக்கப்படவில்லை, காற்றில் தொங்கும் கால். என் ஆவணத்தில் உருப்படியான பத்தி என்றால் இதைச் சொல்லும் ஆறு வரிதான்: மின்னழுத்தம் காலில் உள்ளபடியே வரும், பெருக்கல், அளவுகளைத் திரையில் காட்டும் சென்சார்ஸ் நிரலின் அமைப்புக் கோப்பில் நடக்க வேண்டும், ஒன்றும் மாட்டாத வெப்ப உள்ளீடு 127 காட்டும், 0 ஆர்பிஎம் என்றால் முதலில் டிவைடரைப் பார்.

இரண்டாவது பேட்ச்சும் திரும்பி வந்தது, அற்பக் காரணம்: தலைப்புக்குக் கீழே போடும் கோடு தலைப்பைவிட ஓர் எழுத்து குட்டை, பொருளடக்கக் கோப்பில் புது ஆவணத்தின் பெயரைச் சேர்க்கவில்லை. ஆவணத்தைப் பக்கமாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் நிரல் இரண்டையும் எச்சரித்திருக்கும், நான்தான் ஓட்டிப் பார்க்கவில்லை. மூன்றாவது போய்ச் சேர்ந்தது.

நீங்களும் இப்படி ஏதாவது எழுதியிருந்தால், இல்லை எழுதாத ஆவணத்தால் அவதிப்பட்டிருந்தால், சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

அண்ணே, நானும் முதுநகர்தான். சிப்பை மட்டும் சொன்னீங்க, நம்ம ஊர்க் காற்றை விட்டுட்டீங்க. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் ஈரம் பட்ட போர்டுகள் வரிசையாக வந்தன. அதில் ஒன்று எப்போதும் 19 டிகிரி காட்டியது, அதுவும் மின்விசிறி இல்லாத அறையில். தெர்மிஸ்டர் (வெப்பம் உணரும் ரெசிஸ்டர்) கனெக்டரில் பச்சை பூத்திருந்தது. சூடு ஏறினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் வகை அது. துரு ரெசிஸ்டன்ஸைக் கூட்டுகிறது, சிப் "அட, குளிர்" என்கிறது. அதுவே உப்பு ஈரம் இரண்டு காலுக்கும் நடுவே கசிந்தால் ரெசிஸ்டன்ஸ் குறைந்து இல்லாத சூட்டைக் காட்டும். துடைத்துக் காய வைத்ததும் 38 வந்தது. என்னைக் கேட்டால் அதிகம் காட்டும் சென்சாரைவிடக் குறைவாகக் காட்டும் சென்சார்தான் ஆபத்து, ஒருத்தரும் போன் பண்ண மாட்டார்கள்.

லாஸ்பேட்டை டீச்சர்:

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மாணவர்களுக்கு எல்எம்75 என்ற வெப்பம் அளக்கும் சிப்பைக் கொடுத்து, டிரைவரும் ஒரு பக்க ஆவணமும் எழுதச் சொன்னேன். 9 பிட், ஒரு படிக்கு அரை டிகிரி, எளிய சிப். ஒரு பையன் "மேடம், சரியா வருது" என்று காட்டினான். 31. அறைக்கும் அதுதான். மத்தியானம் 32799 என்று வந்தது.

சிப் முழு டிகிரி உள்ள பெரிய பைட்டை முதலில் அனுப்பும். சிப்போடு பேசும் எஸ்எம்பஸ் பாதையில் இரண்டு பைட்டையும் சேர்த்து வேர்டாகப் படித்தால் சிறிய பைட் முதலில் வந்ததாக எடுத்துக்கொள்ளும். 31.0 டிகிரிக்குப் பெரிய பைட்டில் 31, சிறியதில் 0. தலைகீழாகப் படித்தாலும் 31 என்றே வரும்! 31.5 ஆனதும் அந்த அரை டிகிரி பிட் உச்சிக்குப் போய் 32768-ஐக் கூட்டிவிடும். முழு டிகிரியில் மட்டும் சரியாக இருக்கும் பிழை. காலையிலேயே மதிப்பெண் போட்டிருந்தால் தெரிந்தே இருக்காது.

ஆவணத்தில் "தேடப்படும் முகவரிகள்" என்ற இடத்தில் அவன் பதினறும எண்ணில் 48 முதல் 4எஃப் வரை போட்டிருந்தான். சிப் அந்த எட்டு முகவரியில் இருக்கலாம் என்பது சரி. ஆனால் எல்எம்75-க்குத் தன்னை அடையாளம் சொல்லும் ரிஜிஸ்டர் கிடையாது, அதே முகவரிகளில் வேறு சிப்புகளும் உட்காரும். அவன் டிரைவர் எதையும் தேடவில்லை, சொன்ன முகவரியில் போய் உட்கார்கிறது. அப்படியென்றால் அங்கே "எதுவுமில்லை" என்றுதான் எழுத வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. முன்பு ஒரு மடிக்கணினி வகையில், இப்படிப் பஸ்ஸைத் தட்டித் தேடியதிலேயே ஈப்ரோம் என்ற நினைவுச் சிப் கெட்டு இயந்திரம் எழாமல் போன கதை உண்டு.

பண்ருட்டி பலா:

டிவைடரை 8 ஆக்கினால் ரீபூட் ஆனதும் பழையபடி ஆகிவிடுகிறதே, அண்ணே? எனக்கு அப்படித்தான் ஆகிறது.

கெடிலக்கரை:

ஆகும், தம்பி. பெட்டி எழும்போது பயாஸ் தன் மதிப்பை எழுதிவிடும். சென்சார்ஸ் அமைப்புக் கோப்பில் அந்தச் சிப்பின் பகுதியில் செட் வரியாகப் போடு, பூட் ஆகும்போது அதை ஏற்றும் சேவை ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள். டிவைடர் வரி முதலில், குறைந்தபட்ச வேகத்தின் வரி அதற்குப் பிறகு. மாற்றிப் போட்டால் அந்தக் குறைந்தபட்ச வேகம் பழைய டிவைடர் கணக்கில் பதிந்துவிடும்.

டீச்சர், அந்த 31 கதையை நானும் ஒரு தடவை ஏமாந்து பார்க்க வேண்டும் போலிருக்கிறது. உப்புக்காற்று, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஐஸ் கம்பெனிக்குப் போய்க் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். லேசாகப் பச்சை. துடைத்ததும் இரண்டு டிகிரி கூடியது. முதலாளி பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார், தன் கையெழுத்திலேயே: "3-ஆம் டிகிரி பொய். ஃபேன் 0-ன்னா தம்பிக்கு போன் பண்ணு, கடைக்குப் போகாதே."