புதுப்பிப்பு: பியூஸ் கழற்றுவதும் சோதிப்பதும்

லயத்து வீடுகளின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பழைய போர்டுகளில் கார்ட்ரிட்ஜ் பியூஸை, அதாவது இரு முனையிலும் உலோக மூடியுள்ள குழாய் வடிவப் பியூஸை, இரும்புக் குறட்டால் இழுக்காதீர்கள், நைலான் புல்லர் (பியூஸைப் பிடித்து இழுக்கும் கருவி) வாங்குங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் முக்கியமானது இது: "பியூஸ்ல மல்ட்டிமீட்டர வெச்சா பீப் அடிக்குது, ஆனா கரண்ட் வரல்லையே?"

பியூஸைக் கழற்றாமலே சோதித்தால், அது எரிந்துபோயிருந்தாலும் அப்படிக் காட்டலாம். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தாலும், பக்கத்துப் பியூஸ், அதில் மாட்டிய பல்ப், நியூட்ரல், சோதிக்கும் பியூஸின் லைனில் உள்ள அயர்ன் என்று மீட்டரின் மின்னோட்டம் சுற்றி வந்துவிடலாம். கழற்றி, மேசையில் வைத்துப் பாருங்கள். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒட்டவையுங்கள். 0.3 ஓம் காட்டினால், நல்ல பியூஸும் கிட்டத்தட்ட அதையே காட்ட வேண்டும்.

புல்லரால் உடலின் நடுவில் பிடித்து நேராக இழுங்கள். திருகினால் பியூஸின் முனையைப் பிடித்திருக்கும் உலோகக் கிளிப் அகன்றுவிடும். பிறகு புதுப் பியூஸும் தளர்வாகவே உட்காரும். மெயினை அணைத்தாலும் அதன் உள்வரும் பக்கத்தில் 230 வோல்ட் இருக்கும், மறக்க வேண்டாம்.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் கிளிப் கறுத்துப்போகும். தொடுமிடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 13 அம்பியரில் சுமார் 17 வாட் சூடு பிறக்கும். பியூஸின் ஒரு முனை மட்டும் கறுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் கிளிப்தான். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய்விடும். கான்டாக்ட் கிளீனர் (மின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் திரவம்) போதும். கிளிப்பின் பிடி தளர்ந்திருந்தால், பியூஸ் உட்காரும் ஹோல்டரையே மாற்றுங்கள்.

கம்பி கட்டும் பீங்கான் பியூஸுக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பி: 5 அம்பியருக்கு 0.2 மி.மீ., 15க்கு 0.5 மி.மீ. வயரிலிருந்து உரித்த இழைகளை முறுக்கிக் கட்டவே கூடாது.