ஹேர் டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பிறகு தலை மரத்துப்போவது: உணர்ச்சி எப்போது, எப்படித் திரும்பும்?

முதலில் எந்த மரப்பு என்று பிரித்துப் பார்க்கணும். ஆபரேஷன் முடிந்த அன்று இரவு தலை கட்டை மாதிரி இருப்பது மரப்பு ஊசியால். லிடோகெய்னோடு அட்ரினலின் கலந்து போட்டால் சில மணி நேரம் நிற்கும். பியூபிவகெய்னும் சேர்த்திருந்தால் இன்னும் சில மணி நேரம் இழுக்கும். இரண்டாவது, வீக்கம் தருகிற மதமதப்பு. அறுவையின்போது தோலைத் தூக்கிக்கொடுக்க உள்ளே ஏற்றிய சலைன் நீரும், காயத்தில் ஊறுகிற நீரும் இரண்டாம் நாளிலிருந்து நெற்றிக்கும் கண்ணிமைக்கும் இறங்கும். ஒரு வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இந்த இரண்டும் போன பிறகும் தொட்டால் தெரியாமல் இருக்கிற இடம்தான் நரம்பு இழை அறுபட்ட இடம். முதல் வாரத்திலேயே "நரம்பு போச்சு" என்று முடிவு கட்டுவதில் பொருளில்லை, அப்போது மூன்றும் கலந்து கிடக்கும்.

முடிவேர்களை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கிற எஃப்யூஇ முறையில், துளையிடும் கருவியின் (பஞ்ச்) விட்டம் 0.7 முதல் 1 மில்லிமீட்டர். அது கடைசி நுனியில் இருக்கிற மெல்லிய கிளைகளைத்தான் வெட்டும். ஆழம் கூடிக் கொழுப்புக்குள் இறங்கினாலோ, ஒரே இடத்தில் நெருக்கமாக எடுத்தாலோ மரப்பு திட்டுத்திட்டாக நிற்கும். தோலைப் பட்டையாக (ஸ்ட்ரிப்) வெட்டி எடுக்கிற எஃப்யூடி வேறு கதை. ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோலைக் காதிலிருந்து காது வரை குறுக்கே எடுக்கும்போது, கீழிருந்து மேலே ஏறுகிற கிளைகள் வரிசையாக அறுபடும். பிடரியிலிருந்து உச்சி வரை உணர்ச்சி கொடுப்பது கழுத்தின் இரண்டாவது தண்டுவட நரம்பிலிருந்து வருகிற பெரிய பிடரி நரம்பு. அதனால்தான் வெட்டியது பிடரியில், மரத்தது உச்சியில். தழும்புக்குக் கீழே உணர்ச்சி நன்றாகவே இருக்கும்.

\*

ஸ்ட்ரிப் பற்றி ஒரு சேர்க்கை. பெரிய பிடரி நரம்பும் கூடவே ஓடும் ரத்தக்குழாயும் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு அடுக்கில், அதற்குக் கீழே இருக்கும் கெட்டியான ஜவ்வுக்கு மேலே போகின்றன. முடி வேர்களின் அடியை ஒட்டி, அதற்குமேல் ஆழம் போகாமல் வெட்டினால் பெரிய கிளைகள் தப்பும். சலைனை நிறைய ஏற்றித் தோலை உப்பவைப்பதன் ஒரு நோக்கமே, கத்திக்கும் நரம்புக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குவது. ஆலோசனைக்குப் போகிறவர்கள் எத்தனை கிராஃப்ட் (எடுத்து நடுகிற முடிவேர்த் துண்டு) என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். வெட்டும் ஆழத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்பதையும் கேட்கலாம்.

\*

நரம்புக் காயத்தை செடன் என்ற அறுவை மருத்துவர் 1943இல் மூன்றாகப் பிரித்தார். சண்டர்லாந்து என்ற ஆய்வாளர் 1951இல் அதை ஐந்தாக விரித்தார். நமக்கு மூன்று போதும். நரம்பு நசுங்கி, கடத்தல் மட்டும் நின்றிருந்தால் நாட்களில் அல்லது சில வாரங்களில் சரியாகும். உள்ளிழை அறுந்து உறை மிஞ்சியிருந்தால், காயத்துக்கு அப்பால் உள்ள பழைய இழை சிதைந்து கரைய, புது இழை அந்த உறைக்குள்ளேயே வழி பிடித்து வளரும். உறையும் சேர்ந்து முழுக்க அறுந்திருந்தால் இழை தழும்பைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்க முனையைத் தேட வேண்டும். சில தேடிப் பிடிக்கும், சில வழி தவறும்.

வளரும் வேகம் சுமாராக நாளுக்கு 1 மில்லிமீட்டர். தழும்பிலிருந்து உச்சி 8 சென்டிமீட்டர் என்றால் 80 நாள். வளர்ச்சி தொடங்குவதற்கு முன்னான சில வாரங்களையும், தழும்பைக் கடக்கிற தாமதத்தையும் கூட்டினால் நாலு மாதத்துக்குக் குறையாது. எஃப்யூஇயில் சில வாரம் முதல் மூன்று நாலு மாதம், ஸ்ட்ரிப்பில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேலே என்று சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

\*

இந்தக் கணக்கை ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். மரத்த வட்டம் ஓரங்களிலிருந்தும் சுருங்கும். பக்கத்தில் அறுபடாமல் இருக்கிற நரம்புகள் கிளை விட்டு உள்ளே நீள்வதுதான் காரணம். முன்பக்கத்துக்கு நெற்றியிலிருந்து ஏறும் இரண்டு ஜோடி நரம்புகளும், பக்கவாட்டில் காதுக்கு முன்னாலிருந்து ஏறுவதும் இருக்கின்றன. அதனால் நடு உச்சிதான் பெரும்பாலும் கடைசியாக முழிக்கும். எல்லா நரம்புக்கும் அதுதான் கடைசி எல்லை. கடைசியில் தழும்பின் மேல் கைவிரல் அகலத்துக்கு ஒரு கீற்று நிரந்தரமாக மந்தமாகவே நின்றுவிடுவதும் உண்டு. வாழ்க்கைக்கு அது இடைஞ்சல் இல்லை என்றாலும், நடக்கவே நடக்காது என்று சொல்வது பொய்.

\*

திரும்பும்போது சுகமாகத் திரும்பாது. எறும்பு ஊர்கிற மாதிரி, ஊசி குத்துகிற மாதிரி, திடீரென்று சுரீர் என்று ஒரு மின்னல், காரணமில்லாத அரிப்பு. புதிதாக வளர்ந்த இழையின் நுனிக்கு உறை இன்னும் சரியாகப் போர்த்தப்படவில்லை. லேசாகத் தட்டினாலே பொறி பறக்கும். 1915இல் டினெல் என்ற நரம்பு மருத்துவர் விவரித்த அடையாளம் இதுதான். தழும்பிலிருந்து மேலே விரலால் தட்டிக்கொண்டே போகும்போது எந்தப் புள்ளியில் குறுகுறுப்பு மேல் நோக்கி ஓடுகிறதோ, இழை அதுவரை வந்துவிட்டது என்று அர்த்தம். மாதா மாதம் அந்தப் புள்ளி மேலே நகர்ந்தால் நல்ல செய்தி.

சீப்பு பட்டாலே எரிகிற கட்டம் ஒன்று வரும். பயந்துபோய்த் தொடாமலே விட்டால் அது நீளும். ஆறு வாரத்துக்குப் பிறகு, காயம் முழுக்க ஆறியிருந்தால், முதலில் மெல்லிய பருத்தித் துணி, பிறகு துண்டு, பிறகு மென்மையான பிரஷ் என்று ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை தடவிப் பழக்கலாம். அரிப்பு எல்லாமே நரம்பு அல்ல. சிவந்த சிறு கொப்புளங்களோடு அரித்தால் அது முடிவேர் அழற்சி. செதிலோடு அரித்தால் வறட்சி அல்லது பொடுகு.

\*

உணர்ச்சி எவ்வளவு திரும்பியது என்று கணக்கு வைத்துக்கொள்ள: பஞ்சைத் திரித்து நுனியால் தொடுவது, குளிர்ந்த ஸ்பூனின் பின்பக்கம், பல்குச்சியின் மழுங்கிய முனை. கண்ணை மூடி, வேறொருவர் தொட, "தெரிகிறது" என்று சொல்லும் இடங்களைக் காகிதத்தில் குறிக்கவும். இரண்டு காது மேல்நுனிகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து எத்தனை விரற்கடை என்று எழுதினால் அடுத்த தடவை ஒப்பிட வசதி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். கிராஃப்ட் பிடிக்க சுமார் பத்து நாள் ஆகும், அதனால் நட்ட பகுதியில் இரண்டு வாரம் முடியும் வரை இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஸ்ட்ரிப் தையல் பக்கம் தையல் பிரித்த பிறகுதான்.

\*

நரம்பு அதுபாட்டுக்கு வளரும். அதுவரை கெடுதல் நடப்பது தோலுக்கு, ஏனென்றால் அது கத்தாது. ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து ஒரே இடத்தில் காட்டினால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். டிரையர் வேண்டுமென்றால் குளிர் காற்றில், தள்ளிப் பிடித்து. தலைக்கு ஊற்றும் நீரின் சூட்டை முன்கையின் உட்புறத்தில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்; உச்சந்தலையை நம்பாதீர்கள். ஐஸ் நெற்றிக்கு மட்டும், துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம். நட்ட இடத்தில் வைத்தால் குளிர்ப்புண் ஆவதும் தெரியாது, கிராஃப்ட் நசுங்குவதும் தெரியாது.

வெயிலில் கருகுவது, ஹெல்மெட்டின் உள்விளிம்பு உரசுவது, ஹேர் டை எரிப்பது எல்லாம் இதே வகை. டை போடுகிறவர்கள் எரிச்சல் வந்தால் கழுவிக்கொள்ளலாம் என்று இருப்பார்கள். மரத்த தோலில் அந்த எரிச்சல் வராது. கார் கதவு, அலமாரி விளிம்பு, மேல் பெர்த் இடித்தால் முதல் வாரத்தில் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வரும். கையில் ரத்தம் பட்டால்தான் தெரியும். வலி இல்லாததால் சீழ்க் கொப்புளங்களும் நாள்கணக்கில் கவனிக்கப்படாமல் போகும். ஆகவே கண்ணாடி, கூடவே கைபேசி கேமரா, தினமும் ஒரு தடவை.

\*

மாத்திரை பற்றி. பி12 குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்வது நரம்புக்கு நிச்சயம் நல்லது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம், ரத்தத்தில் பார்த்துவிடலாம். அளவு சரியாக இருப்பவர் கூடுதலாக விழுங்கினால் வேகம் கூடும் என்று நம்பக் காரணமில்லை. "நரம்புச் சத்து" என்று விற்கிற கலவைகளில் பி6 எவ்வளவு என்று அட்டையைப் படியுங்கள். அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி6 தானே கைகால் மரப்பை உண்டாக்கும். மரப்புக்கு மருந்து சாப்பிட்டு மரப்பை வாங்குவது!

சுரீர் வலி தூக்கத்தைக் கெடுத்தால் கபாபென்டின், பிரிகாபலின் மாதிரி மருந்துகளை மருத்துவர் எழுதுவார். தூக்கக் கலக்கம் வரும், நடுவில் சட்டென்று நிறுத்தக்கூடாது. இவை வலியைத் தணிக்கும், நரம்பை வளர்க்காது. மிளகாய்ச்சத்து உள்ள கேப்சைசின் களிம்பைத் தலையில் பூச வேண்டாம், வியர்வையோடு கண்ணுக்கு இறங்கும். புகையை நிறுத்துவது இந்த எல்லா மாத்திரைகளையும்விடப் பயன். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

\*

எப்போது மருத்துவரிடம் ஓடணும் என்பதையும் சொல்லணும். முதல் சில நாட்களில் நட்ட பகுதியின் நடுவில் தோல் ஊதா நிறமாக மாறி, பிறகு கறுப்புப் பொருக்கு கட்டினால் அது ரத்த ஓட்டம் நின்றதன் அடையாளம். அன்றே காட்டணும், காலை வரை பொறுக்கக் கூடாது. காய்ச்சல், நாற்றமுள்ள சீழ், நாளுக்கு நாள் கூடும் வலிக்கும் அதே அவசரம். முகம் கோணுவது, கை பலமிழப்பது, பேச்சு குழறுவது டிரான்ஸ்பிளான்ட் மரப்பே அல்ல, அவசர சிகிச்சைக்கு.

அவசரமில்லாமல் ஆனால் விடாமல் காட்ட வேண்டியது: மாதங்கள் கழித்தும் தழும்பில் ஒரே புள்ளி, அழுத்தினால் மின்சாரம் பாய்கிற மாதிரி. வழி தவறிய இழைகள் சுருண்டு முடிச்சாகியிருக்கலாம். அந்தப் புள்ளியில் கொஞ்சம் லிடோகெய்ன் போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சில மணி நேரம் வலி போனால் மூலம் அதுதான் என்று தெரியும். பிறகு ஸ்டீராய்டு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் முடிச்சை எடுப்பது.

\*

"மரத்த இடத்தில் முடி வருமா?" என்று கேட்டிருந்தார் ஒருவர். வரும். கிராஃப்ட் பிழைப்பது ரத்த ஓட்டத்தால். நட்ட முடி முதல் இரண்டு மாதத்துக்குள் உதிர்ந்து, மூன்று நாலு மாதத்தில் முளைக்கத் தொடங்கும். உணர்ச்சி அதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம். இரண்டாவது அமர்வுக்குத் திட்டமிடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு மாதம் பொறுப்பது முடிக்காக மட்டுமல்ல. பழைய தழும்பு இறுகிய தோலில் மறுபடி வெட்டினால் மரப்பு முதல் தடவையைவிட நீளலாம். அதற்கு முன் எந்த இடம் ஏற்கெனவே மந்தம் என்று குறித்த அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.