டெல்லி கணேஷ் சாருக்கு ரசம் பரிமாறிய நாள்

2024 நவம்பர் 9 இரவு நடிகர் டெல்லி கணேஷ் சார் காலமானார், வயது 80. செய்தி எங்கள் சமையற்கட்டுக்கு வந்தபோது காய் நறுக்கிக்கொண்டிருந்த ஐந்து பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டோம். அவரைப் பார்த்த அனுபவத்தைப் பலர் பகிர்கிறார்கள். என்னுடையது ஒரு பந்தியில் நடந்தது.

என் அப்பா பாலக்காட்டிலிருந்து சென்னைக்கு வந்த கல்யாணச் சமையல்காரர். 1990இல் வந்த 'மைக்கேல் மதன காம ராஜன்' படத்தில் சார் ஏற்ற வேடமும் பாலக்காட்டுச் சமையல்காரர்தான், மணி ஐயர். எங்கள் பேச்சை மேடையிலும் சினிமாவிலும் கேலிக்கு இழுத்தவர்கள் உண்டு. அதனால் அப்பா முகத்தை இறுக்கிக்கொண்டுதான் தியேட்டருக்கு வந்தார். சாம்பாரில் மீன் விழுந்த பிறகு மணி ஐயர் படும் பாட்டைப் பார்த்து ஊரே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. அண்டா கெட்டுப்போனால் ஒரு சமையல்காரனுக்கு வயிற்றில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். அந்த முகத்தில் அது அப்படியே இருந்தது.

இத்தனைக்கும் சார் திருநெல்வேலிப் பக்கம், வல்லநாட்டுக்காரர். பத்து வருடம் விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தமிழ் நாடக மேடை, பிறகு சென்னையில் காத்தாடி ராமமூர்த்தி குழு, 1977இல் பாலசந்தரின் 'பட்டினப் பிரவேசம்' படம் என்று வந்தவர். வசனம் இல்லாதபோதும் எதிரில் இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கும் பழக்கம் நாடகத்தில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். 'சிந்து பைரவி'யில் மிருதங்கக்காரராக வருகிறாரே, அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களை மட்டும் ஒரு முறை பாருங்கள்.

சில வருடங்கள் கழித்து மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தி. ரச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தேன், நிமிர்ந்தால் அவர். சாதத்தில் குழி செய்து வைத்திருந்தார். ஊற்றினேன். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, உள்ளங்கையைக் குவித்து இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்தார். பரிமாறுகிறவன் முகத்தை இலையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார், ஊர் எது என்று கேட்டார். பாலக்காடு என்றேன். யார் சமையல் என்றார். அப்பா என்றேன்.

கை கழுவியவர் நேரே பின்கட்டுக்கு வந்துவிட்டார். கோட்டை அடுப்பின் அனலில் வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அப்பா துண்டில் கையைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார், எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. சார் அந்தக் கையையே இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இருவரும் ஐந்து நிமிடம் பேசினார்கள். பாத்திரச் சத்தத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

என்ன பேசினீர்கள் என்று அப்பாவிடம் அன்றிரவு கேட்டேன், பிறகும் பல தடவை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: ரசத்தில் புளி சரியாக இருந்ததாம். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. கேட்பதற்கு இன்னொருவர் இருந்தார், இப்போது அவரும் போய்விட்டார்.