கால் வலி மேலேறி இடுப்பு வலி கூடினால் என்ன வகை?

கேள்வி:
என்னிடம் வந்த நோயாளி 42 வயது லாரி டிரைவர். மூன்று வாரமாக இடுப்பு வலி, இடது பிட்டம் வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. குனிந்தால், உட்கார்ந்தால் கூடுகிறது, நடந்தால் தேவலை. குப்புறப் படுத்துக் கையூன்றி 10 முறை எழ வைத்ததில் கால் வலி தொடைக்கு ஏறிவிட்டது, ஆனால் நடு இடுப்பில் கூடிவிட்டது. மெக்கன்சி முறையில் (ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்து, வலி மாறும் விதத்தை வைத்து வகை பிரிக்கும் பிசியோதெரபி முறை) இது டிரேஞ்ச்மென்ட்டா (மூட்டுக்குள் ஏதோ இடம் பிசகி அசைவைத் தடுப்பது), டிஸ்ஃபங்ஷனா (சுருங்கிய திசு இழுபட்டு வலிப்பது)? தொடரலாமா?

பதில் 1:
தொடருங்கள். கால் வலி மேலேறி இடுப்பில் குவிவதுதான் சென்ட்ரலைசேஷன். இடுப்பில் கூடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழுந்து நின்ற பிறகும் வலி மேலேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். நின்றதும் பழையபடி கெண்டைக்கு இறங்கினால் கணக்கில் சேராது. 2–3 மணி நேரத்துக்கு ஒருதரம் 10 முறை வீட்டில் செய்யச் சொல்லி, ஓரிரு நாளில் மறுபடி பார்த்துவிட்டு டிரேஞ்ச்மென்ட் என்று உறுதிசெய்யுங்கள்.

டிஸ்ஃபங்ஷனில் வலி இடம் மாறாது. சுருங்கிய திசு இழுபடும் கடைசி எல்லையில் மட்டும் வலிக்கும், விட்டதும் போய்விடும். எத்தனை முறை செய்தாலும் அதே எல்லை, அதே வலி. திசு அப்படிச் சுருங்க 6–8 வாரமாவது ஆகும், மூன்று வாரம் போதாது. நரம்பு வேர் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்ட டிஸ்ஃபங்ஷன் வகையில் மட்டும் வலி காலில் வரும்: நின்று குனிந்தால் வலிக்கும், மல்லாந்து முழங்காலை நெஞ்சுக்கு மடக்கினால் வலிக்காது, நரம்பு தளர்ந்துவிடுவதால்.

பதில் 2:
பயிற்சியைத் தொடரும் முன் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். தோள் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் அதை நேராக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்வளைக்கும்போது கால் வலி இறங்கும், எக்ஸ்டென்ஷன் (பின்வளைப்பு) ஒத்துவராது என்று தப்பாக எழுதிவிடுவோம். முழங்கையை முழுக்க நீட்டாமலும் பிட்டத்தை இறுக்கிக்கொண்டும் செய்தால் எல்லையே எட்டாது. இடுப்பு தளர்ந்து தொங்க வேண்டும். தொடையிலேயே வலி தேங்கினால் இடுப்பை வலது பக்கம், அதாவது வலியில்லாத பக்கம் நகர்த்தி வைத்துச் செய்யுங்கள்.

குதிகால் தூக்கி நிற்கும் பலம், கணுக்கால் ரிஃப்ளெக்ஸ் (குதிகால் நரம்பைத் தட்டினால் பாதம் துள்ளுவது) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசனவாய்ப் பக்கம் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ பயிற்சி வேண்டாம், உடனே எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
தோள் ஒதுங்கவில்லை. பலமும் ரிஃப்ளெக்ஸும் சரியாக இருக்கின்றன. குனியும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

பதில் 1:
சில நாள் வலியே இல்லாமல் போன பிறகு. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குவதில் 5–6 முறை தொடங்குங்கள். முடித்த கையோடு 10 எக்ஸ்டென்ஷன். காலையில் எழுந்தவுடன் வேண்டாம், இரவில் டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். டிரைவர் என்பதால் சீட்டில் இடுப்பு வளைவுக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.