ஸ்பிட்ஃபயர் சக்கரமும் மக்லாரன் வண்டியும்: மாமா சொன்னது சரியா?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
நேத்து "புது அப்பா" இங்க வந்து, குழந்தையை உக்கார வச்சுத் தள்ளுற ஸ்ட்ரோலர் எது வாங்கலாம்னு கேட்டார். அதுக்கு ஈஸ்ட்ஹாம் மாமா போட்ட பதில்: "கண்ணை மூடிக்கொண்டு மக்லாரன் வாங்குங்கோ. ஸ்பிட்ஃபயர் விமானத்தின்ர சில்லைச் செய்த மனிசன் செய்த வண்டில்." ஆளாளுக்கு லைக்கும் போட்டாச்சு. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ரெண்டாம் உலகப் போர்ல பறந்த அந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வடிவமைச்சது ஆர்.ஜே. மிட்செல். கம்பெனி சூப்பர்மரீன். முதல் தடவை பறந்தது 1936 மார்ச் 5. இதுல மக்லாரன் எங்க வந்தார்? வண்டி நல்லா இருக்குன்னா நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, விமானத்தை ஏன் இழுக்கிறீங்க?

ஈஸ்ட்ஹாம் மாமா:
தம்பி, ஓவன் மக்லாரன் விமானப் பொறியியலாளர். ஸ்பிட்ஃபயரின்ர இறங்கு சில்லுப் பகுதியை வடிவமைச்சவர் எண்டு எத்தினையோ இடத்தில எழுதிக்கிடக்கு. அந்த அனுபவத்திலதான் அலுமினியக் குழாயில வண்டில் செய்தவர். 1965இல வடிவமைச்சு, 1967இல விற்பனைக்கு வந்தது. பி-01 எண்டு பேர். எடை 6 றாத்தல், உங்கட கணக்கில 3 கிலோவும் வராது. நான் பொய் சொல்லேல்லை.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
1965, 1967, பி-01, 6 பவுண்டு எல்லாம் சரி. நான் அதையா கேட்டேன்? ஸ்பிட்ஃபயர் சக்கரம். அதுக்குப் பதில் சொல்லுங்க. "எழுதிக்கிடக்கு"ன்னா யார் எழுதினது? ஒருத்தர் எழுதினதைப் பார்த்து இன்னொருத்தர் எழுதினதுதானே எல்லாம்?

ஹரோ தாய்:
முதல்ல ஒண்டு சொல்லட்டோ? ஸ்ட்ரோலர் எண்டு சொல்லுறது அமெரிக்காவில. இங்க இங்கிலாந்தில அது பகி. படுக்க வைக்கிற பெரிசு பிராம். கடையில போய் ஸ்ட்ரோலர் எண்டு கேட்டால் வேற எதையாவது காட்டுவினம்.

மதுரைக்காரி:
தமிழ்ல அழகா "தள்ளுவண்டி"ன்னு சொல்லலாமே. எதுக்கு பகி, புஷ்செயர்னு வாய் வலிக்கணும்?

ஹரோ தாய்:
தள்ளுவண்டி எண்டால் உங்கட ஊரில வாழைப்பழம் விக்கிறதெல்லோ? எங்கட பிள்ளையளை அதிலயோ வைக்கிறது?

மதுரைக்காரி:
பழம் வித்துத்தான் எங்கப்பா என்னைப் படிக்க வச்சார். அந்த வண்டியை இளப்பமா பேசாதீங்க அக்கா.

ஹரோ தாய்:
ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்களா ஏன் அப்பிடி எடுக்கிறியள்?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
பேர் சண்டை அப்புறம். மக்லாரன் விமானத் துறையில என்ன செஞ்சார்னு நானே சொல்றேன், ஏன்னா நான் படிச்சிருக்கேன். பக்கவாட்டுக் காத்து அடிக்கும்போது விமானம் நேரா இறங்காது, கொஞ்சம் கோணலா வரும். மூக்கு ஒரு பக்கம், ஓடுபாதை ஒரு பக்கம். அப்ப சக்கரம் மட்டும் ஓடுபாதையைப் பார்த்துத் திரும்பி நிக்கிற மாதிரி ஒரு லேண்டிங் கியர் (இறங்குற சக்கரப் பகுதி) யோசிச்சார். மக்லாரன் பேர்ல இருக்கிறது அதுதான். நல்ல யோசனை, நான் மதிக்கிறேன். ஆனா ஸ்பிட்ஃபயர் சக்கரம் அப்படித் திரும்பாது! அதோட சக்கரத்தைத் தாங்குற கால், விமான உடம்புக்குப் பக்கத்துல இருக்கிற கீல்ல திரும்பி, வெளிப்பக்கமா றெக்கைக்குள்ள மடங்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இடைவெளி கம்மி. தரையில ஓடும்போது தள்ளாடும்னு விமானிகளே புலம்பியிருக்காங்க. ரெண்டும் வேற வேற பொருள். புரியுதா மாமா?

ஈஸ்ட்ஹாம் மாமா:
நீங்கள் சொன்னதிலயே விடை இருக்கு. கால் கீலில மடங்கி உள்ளுக்கை போகுது எண்டு சொல்லுறியள். வண்டிலும் அப்பிடித்தான் மடங்குது. ஆர் செய்தது எண்டு இன்னும் விளங்கேல்லையோ?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
இது என்ன வாதம்? எங்க வீட்டுக் கதவுகூட கீல்லதான் திரும்புது. அதையும் மக்லாரன் செஞ்சாரா?

ஈஸ்ட்ஹாம் மாமா:
மரியாதையாக் கதையுங்கோ. நான் 1986இல இருந்து இந்த ஊரில இருக்கிறன். நீங்கள் வந்து நாலு வருசம். என்ர மூண்டு பிள்ளையளும் மக்லாரனில வளர்ந்தவை. அந்தக் காலத்தில ரூட்மாஸ்டர் எண்ட பழைய இரட்டைத் தட்டு பஸ்ஸில பின்பக்கத்தால ஏறவேணும். வண்டிலை விரிச்சபடி கொண்டு போகேலாது. ஒரு கையில பிள்ளை, மற்றக் கையால மடக்கி, படிக்குக் கீழ இருக்கிற சாமான் இடத்தில வைப்பம். ரெயில்வே ஸ்டேசனில லிஃப்ட் இல்லை, படிதான். மனிசி வேலையால வாற நேரம் நான் தனியாப் பிள்ளையோட படி இறங்கியிருக்கிறன். குடை மாதிரிச் சுருட்டித் தோளில கொழுவிக்கொண்டு போவன். அந்தப் பாரம் எவ்வளவு எண்டு என்ர தோளுக்குத் தெரியும். புத்தகம் படிச்ச உங்களுக்கு அது தெரியுமோ?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
உங்க தோள் வலி உண்மைதான், அதுக்கு ஸ்பிட்ஃபயர் தேவையில்லையே!

மதுரைக்காரி:
அண்ணே, அந்த ஆள் எதுக்காக வண்டி செஞ்சாருன்னும் சொல்லுங்க. வெளிநாட்டுல இருந்து பேரப்பிள்ளையோட வந்த மக, அந்தப் பெரிய வண்டியைத் தூக்கிட்டு அலையுறது எவ்வளவு கஷ்டம்னு சொல்லியிருக்கா. அதைக் கேட்டுத்தான் நார்தாம்டன்ஷயர்ல பார்பின்னு ஒரு கிராமத்துல, வீட்டுக் குதிரை லாயத்துல வச்சுச் செஞ்சு பாத்திருக்கார். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. ஸ்பிட்ஃபயர் பண்ணுனா என்ன, பண்ணலைன்னா என்ன?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
"பண்ணலைன்னா என்ன"வா? தப்பான ஒண்ணைச் சரின்னு சொல்லி விக்கிறது தப்பில்லையா? அந்த ஒரு வரியை நம்பி ஒருத்தர் இருநூறு பவுண்டு செலவு பண்ணப் போறார். அதைத்தான் நான் தடுக்கிறேன். இன்னொண்ணு, "உலகத்திலேயே முதல் மடக்கு வண்டி"ன்னும் இங்க சிலர் சொல்றாங்க. அதுவும் கிடையாது. அதுக்கு ரொம்ப முன்னாடியே மடக்குற வண்டி இருந்துச்சு, தட்டையா மடங்கும். மக்லாரன் செஞ்சது, நெடுக்காவும் பக்கவாட்டாவும் ஒரே நேரத்துல சுருங்குற சட்டம். பின்னாடி எக்ஸ் வடிவக் கம்பி, அதை ஒரு தட்டு தட்டினா முழுசும் ஒரு கட்டு குச்சியா ஆயிடும். புதுமை அதுதான். அதைச் சொல்லிப் பெருமைப்படுங்க, நானும் சேர்ந்துக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
பாத்தியளோ, நீங்களே ஒப்புக்கொள்ளுறியள்.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
எதை ஒப்புக்கிட்டேன்? குடை மடிப்பை ஒப்புக்கிட்டேன். ஸ்பிட்ஃபயரை ஒப்புக்கல. ஒப்புக்கவும் மாட்டேன்.

புது அப்பா:
வணக்கம். கேள்வி கேட்டது நான்தான். மக்லாரன்ல குவெஸ்ட் மாடலா, டெக்னோ எக்ஸ்டி மாடலா? குழந்தைக்கு ரெண்டு மாசம். பழசு கிடைச்சாலும் பரவாயில்லை.

மதுரைக்காரி:
தம்பி, பழசு வாங்குறதுன்னா ஒண்ணு கவனிங்க. 2009 நவம்பர்ல அமெரிக்காவுல கிட்டத்தட்ட 10 லட்சம் மக்லாரன் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க. பக்கத்துல இருக்கிற கீல்ல குழந்தையோட விரல் மாட்டி, 12 குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டாகியிருக்கு. வோலோ, ட்ரையம்ஃப், குவெஸ்ட், டெக்னோ, ரெண்டு சீட் வண்டி, எல்லாமே அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. 1999ல இருந்து வித்தது. கீலை மூட ஒரு துணி உறை இலவசமா குடுத்தாங்க. பழசு வாங்கினா அந்த உறை இருக்கான்னு பாருங்க. விரிக்கும்போதும் மடக்கும்போதும் பிள்ளையைத் தள்ளி நிறுத்திட்டுச் செய்ங்க.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
பாருங்க! மாமா சொன்ன அதே கீல். விமானப் பொறியாளர் கீல்னு பெருமை பேசினீங்களே.

ஈஸ்ட்ஹாம் மாமா:
2009இல வித்ததெல்லாம் சீனாவில செய்தது. மக்லாரன் 1978இல செத்துப்போனார். செத்த மனிசனில பழி போடுறது உங்களுக்கு அழகோ? இதுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் என்ன சம்பந்தம்?

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
இதைத்தானே நான் காலையில இருந்து கேக்கிறேன், ஸ்பிட்ஃபயருக்கு என்ன சம்பந்தம்னு!

ஹரோ தாய்:
இப்ப ஆர் மக்லாரன் வாங்கினம்? என்ர தங்கச்சி யோயோ எண்ட வண்டில் வச்சிருக்கிறா. பிரான்ஸ் பேபிசென் கொம்பனியின்ர. மடிச்சால் 52 க்கு 44 க்கு 18 சென்ரிமீற்றர்தான். பிளேனில தலைக்கு மேல இருக்கிற பெட்டிக்குள்ள வைக்கலாம். கொழும்புக்குப் போகேக்க அப்பிடியே கையில கொண்டு போனவ. உங்கட குடை வண்டில் நீட்டுத் தடி மாதிரி, அதுக்குள்ள போகாது.

ஈஸ்ட்ஹாம் மாமா:
பிளேன் பெட்டிக்குள்ள போறதோ முக்கியம்? பிளேனின்ர சில்லைச் செய்த மனிசனைப் பற்றிக் கதைக்கிறம்.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
மறுபடியும்! வேணும்னே செய்றீங்க. போன மாசம் கார் சீட் பேச்சுலயும் இதே கதைதான். 15 மாசம் வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் உக்கார வைக்கணும், ஐ-சைஸ்ங்கிற கார் சீட் பாதுகாப்பு விதி அதுதான்னு நான் சொன்னேன். "என்ர பிள்ளையள் முன்னால பார்த்து இருந்துதான் வளர்ந்தவை"ன்னு நீங்க சொன்னீங்க. கடைசி வரைக்கும் தப்புன்னு சொல்லல. அதை நான் மறக்கல.

மதுரைக்காரி:
நானும் ஒண்ணை மறக்கல. மாமா, போன வருசம் உங்ககிட்ட 40 பவுண்டுக்கு ஒரு பழைய வண்டி வாங்கினேன். மக்லாரன் இல்லை, வேற கம்பெனி, பேர் வேண்டாம். மூணாம் நாளே பிரேக் நிக்கல. சரிவுல வண்டி தானா உருண்டுச்சு. பிள்ளை அதுல இல்லாதது சாமி புண்ணியம். உங்களுக்குச் சொன்னேன், பதிலே இல்லை.

ஈஸ்ட்ஹாம் மாமா:
பிள்ளை, வாங்கேக்க தள்ளிப் பார்த்துத்தானே வாங்கினனீங்கள்? நான் குடுக்கேக்க பிரேக் பிடிச்சது. இதை ஏன் இப்ப எல்லாருக்கும் முன்னால கொண்டு வாறியள்?

மதுரைக்காரி:
எல்லாருக்கும் முன்னாலதான "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ"ன்னு சொன்னீங்க. நான் கண்ணை மூடிட்டுத்தான் உங்ககிட்ட வாங்கினேன்.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
சரியா கேட்டீங்க தங்கச்சி. மாமா, ஒரே ஒரு கேள்வி, கடைசியா. ஸ்பிட்ஃபயர் லேண்டிங் கியர் வரைபடம் எதுலயாவது மக்லாரன் கையெழுத்து இருக்கா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. காட்டினா இந்தப் பக்கமே வரமாட்டேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
அவர் செய்யேல்லை எண்டு நீங்கள் முதல்ல காட்டுங்கோ.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
செஞ்சார்னு சொன்னவர்தான் காட்டணும். சொன்னது நீங்க.

ஹரோ தாய்:
புது அப்பா, நீங்கள் பாவம். ரெண்டு மாசப் பிள்ளைக்குத் தட்டையாப் படுக்க வைக்கிறமாதிரி இருக்கவேணும். டெக்னோ நல்லாப் படியும். குவெஸ்ட் நாலு நிலையில சரியும், ஆனா எந்த வருச மாடல் எண்டு பார்த்து, எத்தினை மாசத்தில இருந்து எண்டு அதின்ர புத்தகத்தில பாருங்கோ. வோலோ வேண்டாம், அது சரியவே சரியாது, ஆறு மாசத்துக்குப் பிறகுதான்.

புது அப்பா:
நன்றி அக்கா. டெக்னோ பார்க்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் மாமா:
நல்ல முடிவு தம்பி. ஸ்பிட்ஃபயர் சில்லுச் செய்தவரின்ர வண்டில், ஏமாற்றாது.

கோவென்ட்ரி மெக்கானிக்கல்:
மாமா! வரைபடம் எங்க?