மறு: 'டம்பிங் டவுன்' - ஒரு சொல் போதாது, ரெண்டு வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம வீடியோ கேம் கலைச்சொல் பட்டியலுக்காக, ஒரு ஆட்டத்தோட நுணுக்கத்தையெல்லாம் வெட்டி எளிசாக்கிட்டாங்கன்னு ரசிகர்கள் குறை சொல்ற 'டம்பிங் டவுன்'க்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்ட இந்த இழையில இதுவரைக்கும் வந்த சொற்கள் எளிமையாக்கம், மழுக்கல், அப்புறம் மொக்கையாக்கம். மூணுலயும் எனக்கு ஒரே குறைதான். பாத்திரமேற்பு ஆட்டத்தோட (ஒரு கதாபாத்திரமா மாறி ஆடற ஆர்பிஜி வகை) அடுத்த பாகம்னு சொன்னதும் ரசிகர்கள் பயப்படற விஷயம் ஒண்ணு இல்ல, ரெண்டு, அதை ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டோம்னா தமிழ்ல இதைப்பத்தி ஒழுங்கா ஒரு விமர்சனம்கூட எழுத முடியாது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ்ங்கற ஆட்டத் தொடரையே எடுத்துக்குவோம், ஆறாம் பாகத்துக்கு 2018ல ஒரு குட்டி டீசர் விட்டதுல இருந்து இந்தப் பயம் ஓஞ்சபாடில்ல. காரணம் இல்லாமலும் இல்ல. முந்தின பாகங்களைப் பாருங்க: 2002 மாரோவிண்ட்ல 27 திறன், 2006 ஆப்ளிவியன்ல 21, 2011 ஸ்கைரிம்ல 18. பலம், அறிவு, மனவுறுதி, வேகம்னு இருந்த எட்டுப் பண்பும் ஸ்கைரிம்ல மொத்தமா காலி, லெவல் ஏறினா உயிர், மந்திரம், தெம்பு இந்த மூணுல ஒண்ணை 10 கூட்டிக்கலாம், கூடவே ஒரு பெர்க் (ஒரு திறனுக்குள்ள நாம தேர்ந்தெடுக்கற கூடுதல் சலுகை), அவ்ளோதான். ஈட்டியும் மிதந்து பறக்கற மந்திரமும் மாரோவிண்டோட போச்சு. வரிசையா இதையெல்லாம் பாத்தவங்க அடுத்ததுல என்ன மிஞ்சும்னு கேக்கறதுல தப்பே இல்ல.

ஆனா எல்லாமே ஒரே மாதிரி இழப்பா? பழைய ஆப்ளிவியன்ல லெவல் ஏத்தினவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஒரு பண்பு +5 ஏறணும்னா அதைச் சேந்த திறன்கள் அந்த லெவலுக்குள்ள 10 தடவை ஏறியிருக்கணும், அதனால பக்கத்துல பேப்பர் வெச்சுக் கோடு போட்டு எண்ணிக்கிட்டே ஆடுவாங்க, வேண்டாத திறன் ஏறிடக்கூடாதுன்னு வாளை உறையில போட்டுட்டு நிப்பாங்க, முக்கியத் திறன் ஏறினாத்தான் லெவல் ஏறும்ங்கறதால அடிக்கடி பயன்படுத்தற திறனை முக்கியத் திறனா எடுக்காதேன்னு புதுசா வர்றவங்களுக்குப் புத்தி சொல்லுவாங்க. எதிரிங்களும் நம்ம லெவலோடயே ஏறுவாங்கங்கறதால கணக்கு தப்பினா லெவல் ஏற ஏற நாமதான் நோஞ்சானாயிடுவோம். இதுல ஆடறவர் எடுக்கற முடிவுன்னு என்ன இருக்கு, வெறும் கணக்குப்பிள்ளை வேலை. 2025 ஏப்ரல்ல வந்த ஆப்ளிவியன் ரீமாஸ்டர் (அதே ஆட்டத்தோட புதுப்பிச்ச பதிப்பு) கைவெச்சது இங்கதான்: எட்டுப் பண்பும் அப்படியே இருக்கு, லெவலுக்கு 12 புள்ளி குடுத்து நீங்களே பிரிச்சுப் போட்டுக்கங்கன்னு விட்டுட்டாங்க. என்னவா ஆகணும்ங்கறது முழுசா நம்ம கையில, எண்ணற சுமை மட்டும் போச்சு. இதைப்போய் மழுக்கல்னு சொன்னா அநியாயம்.

நாமளே புது மந்திரம் கட்டறது போனது இதுக்கு நேரெதிர். ஆப்ளிவியன்ல தீயைத் தாங்கற சக்தியைக் குறைக்கறதையும் தீயால அடிக்கறதையும் ஒரே மந்திரத்துல சேத்து, எவ்வளவு வீரியம், எத்தனை நொடி, எவ்வளவு பரப்புன்னு நாமளே வெக்கலாம், அதுக்கேத்தபடி செலவு ஏறும். ஸ்கைரிம்ல மந்திரப் புத்தகத்துல என்ன இருக்கோ அதை அப்படியே ஏவ வேண்டியதுதான். இங்க குறைஞ்சது சுமை இல்ல, யோசிச்சு எடுக்கற முடிவு. எனக்கு இன்னும் ஆறாத இழப்பு இதுதான்.

அதனால என் பரிந்துரை: எண்ணற மாதிரி வேலை மட்டும் குறைஞ்சா சுமைக்குறைப்பு, நாம எடுக்கற முடிவு குறைஞ்சா தெரிவுக்குறைப்பு. விலைக்குறைப்பு, ஆட்குறைப்புன்னு ஏற்கெனவே வாயில புழங்கற அச்சு, கேட்டதும் புரியும். தேர்வுக்குறைப்புன்னே போடலாமேன்னு கேப்பீங்க, தமிழ்நாட்டுல தேர்வுன்னா மொதல்ல பரீட்சைதான் நெனப்பு வரும், இலங்கை நண்பர்களுக்குத் தெரிவு நல்லாவே பழகின சொல், அதுவே இருக்கட்டும். எளிமையாக்கம் ரெண்டுக்கும் பொதுச்சொல்லா நிக்கலாம். மழுக்கல் அழகான சொல்தான், கத்தியும் மழுங்கும் அறிவும் மழுங்கும், கோவமா இருக்கற ரசிகர் அதைச் சொல்லட்டும், ஆனா அதுக்குள்ள தீர்ப்பு எழுதியாச்சு, பட்டியல்ல முதன்மைச் சொல்லா வெச்சா என்ன மாத்தினாங்கன்னு பாக்கறதுக்கு முன்னாடியே குற்றம் சாட்டினதாயிடும். மொக்கையாக்கம் வேணாம், மொக்கைன்னா கூர் இல்லாததுன்னு பொருள் இருந்தாலும் இன்னைக்கு போரடிக்கறதுன்னுதான் எடுத்துக்குவாங்க.

இந்த ரெண்டுல எதுன்னு இடறக்கூடிய இடம், போக வேண்டிய எடத்தைக் காட்டற அம்புக்குறி. மாரோவிண்ட்ல வழி கேட்டா இந்தப் பக்கம் போ, ஆத்தைத் தாண்டு, அங்க திரும்புன்னு வாயால சொல்லுவாங்க, குறிப்பேட்டுல பதியும், தேடித் திரிஞ்சு கண்டுபிடிக்கறது நம்ம பாடு. ஆப்ளிவியன்ல திசைகாட்டியிலயே குறி வந்துருச்சு. சொல்ற வழியும் இருந்து குறியும் இருந்தா அது சுமைக்குறைப்பு, வேணாங்கறவங்க குறியைப் பாக்காம ஆடலாம். ஆனா ஸ்கைரிம்ல பல வேலைகளுக்கு இடம் எங்கன்னு பேச்சுலயும் கிடையாது, குறிப்பேட்டுலயும் கிடையாது, குறியை அணைச்சா கண்ணைக் கட்டி விட்ட மாதிரிதான், அப்ப அது தெரிவுக்குறைப்பாயிடுது. அதனால பட்டியல்ல இந்தச் சொற்களுக்குப் போடற விளக்கத்துல 'பழைய முறையில ஆட வழி மிச்சம் இருக்கிறதா' அப்படிங்கற வரி கட்டாயம் வேணும்.

பட்டியல்ல இருக்கற இன்னொரு சொல், மெக்கானிக்ஸுக்கு (ஆட்டம் இயங்கற விதிகள்) இயங்குமுறையே போதும், இயக்கவியல்னா இயற்பியல் பாடத்தோட மோதும்.

கடைசியா ஒண்ணு, இது எனக்கே முழுசா அடங்கல. வாளுக்கும் கோடாரிக்கும் கதாயுதத்துக்கும் மாரோவிண்ட்ல தனித்தனித் திறன், ஸ்கைரிம்ல ஒற்றைக்கை ஆயுதம்னு ஒண்ணுக்குள்ள அடக்கிட்டாங்க, ஆனா உள்ள பெர்க் கிளையில மறுபடி மூணா பிரியுது. தெரிவு போகல, வேற எடத்துக்குக் குடிபோயிருக்கு. இடப்பெயர்வு மாதிரி இதைத் தெரிவுப்பெயர்வுன்னு சொல்லலாமா, இல்ல தெரிவுக்குறைப்போட உட்பிரிவா வெச்சாப் போதுமா? ஞாயித்துக்கெழமைக்குள்ள சொன்னீங்கன்னா பட்டியல்ல ஏத்திடறேன்.